அமெரிக்காவில் இன்சுலினுக்கு 35 டாலர் உச்சவரம்பு: நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாலஸ் பக்கத்தில் ஒரு பார்மசி கவுண்டரில் வேலை பார்க்கிறேன். பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருவார்கள். கவுண்டரில் பாதி, பொங்கல் விழா வரிசையில் மீதி என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்கள் 2026 தொடக்க நிலவரப்படி. எந்த மருந்து, எத்தனை யூனிட் என்பதெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. இங்கே பணக் கணக்கு மட்டும்தான்.

1. 35 டாலர், 35 டாலர்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட 'இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் ஆக்ட்' என்ற பெரிய சட்டத்தில் உள்ள ஒரு பகுதி அது. மெடிக்கேர் வைத்திருப்பவர்கள் ஒரு மாத இன்சுலினுக்குக் கையிலிருந்து 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. மெடிக்கேரின் மருந்துப் பிரிவான பார்ட் டி-யில் 2023 ஜனவரியிலிருந்தும், பம்ப் வழியாகச் செலுத்தும் இன்சுலினுக்கு பார்ட் பி-யில் அதே ஆண்டு ஜூலையிலிருந்தும் நடைமுறையில் இருக்கிறது.

மெடிக்கேர் என்பது பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கானது. வேலை வழியாகக் கம்பெனி இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் 35 டாலர் வரம்பு எதுவும் வைக்கவில்லை. குழப்பம் முழுக்க இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2. அப்போ இன்சுலின் விலையே 35 டாலர் ஆயிடுச்சா?

இல்லை. உச்சவரம்பு என்பது உங்கள் பையிலிருந்து போகும் பங்குக்குத்தான். மீதியை இன்சூரன்ஸ் கட்டுகிறது. ஊரில் நடப்பது வேறு. அங்கே என்.பி.பி.ஏ. என்ற அமைப்பு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள இன்சுலினுக்கு உச்ச விலையே நிர்ணயிக்கிறது. கடைக்காரர் அதற்கு மேல் விற்கக் கூடாது. அமெரிக்காவில் விலையைத் தொடாமல், நோயாளி கட்டும் தொகைக்கு மட்டும் கோடு போட்டிருக்கிறார்கள்.

ஆனால் விலையும் தனியாக ஒரு தடவை இறங்கியது. எலை லில்லி கம்பெனியின் ஹியூமலாக் என்ற இன்சுலின் 1996-ல் வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். இருபது வருடத்தில் அதே குப்பி சுமார் 275 டாலருக்குப் போனது. உள்ளே இருந்த மருந்து மாறவில்லை. 2023 மார்ச்சில் எலை லில்லி 70 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. அதே மாதம் மற்ற இரண்டு இன்சுலின் கம்பெனிகளில் நோவோ நார்டிஸ்க் 75 சதவீதம் வரை என்றது, சனோஃபி தன் லான்டஸ் இன்சுலினுக்கு 78 சதவீதம் என்றது.

மனம் இரங்கிக் குறைத்தார்கள் என்று செய்திகளில் வந்தது. ஆனால் மெடிக்கெய்டுக்கு (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடு) மருந்துக் கம்பெனிகள் திருப்பிக் கொடுக்க வேண்டிய தள்ளுபடிக்கு இருந்த வரம்பு 2024 ஜனவரியில் நீங்கப் போகிறது என்பது 2021-லேயே சட்டமாகிவிட்டது. பல வருடம் விலையை ஏற்றிக்கொண்டே வந்த மருந்துக்கு, அதன் விலையைவிட அதிகமாகவே அரசுக்குத் திருப்பித் தர வேண்டிய நிலை வரும். பட்டியல் விலையைக் குறைத்தால் அது மிச்சம். நோவோ, சனோஃபி இரண்டுமே விலைக் குறைப்புக்குத் தேர்ந்தெடுத்த தேதி 2024 ஜனவரி 1.

3. எங்க கம்பெனி இன்சூரன்ஸுக்கு இது பொருந்துமா?

மத்திய அரசு விதி பொருந்தாது. 2022-ல் கம்பெனி இன்சூரன்ஸுக்கும் சேர்த்துத்தான் 35 டாலர் என்று எழுதியிருந்தார்கள். செனட்டில் அந்தப் பகுதிக்கு 60 ஓட்டு தேவைப்பட்டது, கிடைத்தது 57. விழுந்துவிட்டது.

அப்புறம் இருப்பது மாநிலச் சட்டம். கொலராடோ 2019-ல் முதலில் சட்டம் போட்டது, மாதம் 100 டாலர் என்று. அதற்குப் பிறகு 25-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு தொகையை வைத்துவிட்டன. ஆனால் மாநிலச் சட்டம் எல்லா கம்பெனி இன்சூரன்ஸையும் கட்டுப்படுத்தாது. எரிசா என்ற 1974-ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி, ஊழியர்களின் மருத்துவச் செலவை முதலாளியே தன் பணத்திலிருந்து கட்டும் திட்டங்கள் மாநிலக் காப்பீட்டு விதிகளுக்குள் வராது. இவற்றை 'செல்ஃப்-ஃபண்டட்' என்பார்கள். வேலை வழியாகக் காப்பீடு உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இப்படித்தான். பெரிய ஐ.டி. கம்பெனி, வங்கி, ஆஸ்பத்திரிக் குழுமம் என்றால் அநேகமாக இதுதான்.

ஆகவே யாராவது 'எனக்கு 35 பொருந்துமா' என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் இன்சூரன்ஸ் கார்டு எந்தச் சட்டத்துக்குக் கீழ் வருகிறது?

4. செல்ஃப்-ஃபண்டடா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கார்டுல பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி பேர்தான் இருக்கு.

அந்தப் பேரை நம்பாதீர்கள். முதலாளி பணம் கட்ட, இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு வழக்கை மட்டும் பார்த்துக்கொடுக்கும் ஏற்பாட்டிலும் கார்டில் அவர்கள் சின்னம்தான் இருக்கும்.

டெக்சாஸில் ஒரு சுலபமான வழி உண்டு. மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள திட்டம் என்றால் கார்டில் 'டி.டி.ஐ.' அல்லது 'டி.ஓ.ஐ.' என்ற மூன்று ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். டெக்சாஸ் காப்பீட்டுத் துறையைக் குறிக்கும் எழுத்துகள் அவை. இருந்தால் மாநிலச் சட்டம் உங்களுக்கு உண்டு. இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் 'இது ஃபுல்லி இன்ஷுர்டா, செல்ஃப்-ஃபண்டடா' என்று ஒரு வரி மெயில் போடுங்கள். வாய்வழி பதில் வேண்டாம், ஹெச்.ஆரில் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

செல்ஃப்-ஃபண்டட் என்று தெரிந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பல முதலாளிகள் தாங்களாகவே இன்சுலினுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். திட்டத்தின் மருந்துப் பட்டியலில் அது இருக்கும், தேடிப் பாருங்கள்.

5. டெக்சாஸ்ல எவ்வளவு? என் தங்கை கலிஃபோர்னியாவுல இருக்கா, அவளுக்கு?

டெக்சாஸில் 2021-ல் வந்த சட்டப்படி 30 நாள் மருந்துச் சீட்டு ஒன்றுக்கு 25 டாலர். நியூ மெக்சிகோவிலும் 25. இலினாய் 100-ல் ஆரம்பித்து 2025 ஜூலையில் 35-க்கு வந்தது. நியூயார்க் 2025 ஜனவரியிலிருந்து பூஜ்யம் ஆக்கிவிட்டது.

கலிஃபோர்னியா இதில் தாமதம். 2023-ல் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பிவிட்டார். 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டார். அதன்படி 35 டாலர், பெரிய கம்பெனிகளின் திட்டங்களுக்கு 2026-லிருந்து, சின்னக் கம்பெனிகளுக்கும் தனியாக வாங்கியவர்களுக்கும் 2027-லிருந்து. அதோடு 'கால்ஆர்எக்ஸ்' என்ற பெயரில் மாநிலமே கிளார்ஜின் என்ற இன்சுலின் பேனா ஐந்து கொண்ட பெட்டியை 55 டாலருக்கு விற்க ஏற்பாடு செய்திருக்கிறது. இது உச்சவரம்பு இல்லை, விலையே அதுதான். இன்சூரன்ஸ் இல்லாதவருக்கும் உதவும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

எந்த மாநிலமாக இருந்தாலும் 3-வது பதிலில் சொன்ன செல்ஃப்-ஃபண்டட் ஓட்டை அப்படியே இருக்கிறது.

6. எனக்கு காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு இன்சுலின். ரெண்டுக்கும் சேர்த்து 35-ஆ?

மெடிக்கேரில் தனித்தனி. ஒவ்வொரு இன்சுலினுக்கும் ஒரு மாதத்துக்கு 35 வரை, ஆக இரண்டுக்கு 70 வரை போகலாம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் ஒன்றுக்கு 105 வரை. டெக்சாஸ் சட்டமும் சீட்டுக்கு ஒன்று என்றுதான் கணக்கு. கொலராடோ முதலில் இருந்த குழப்பத்தை 2021-ல் திருத்தி, எத்தனை இன்சுலின் என்றாலும் மொத்தம் 100 என்று ஆக்கியது.

ஒரு நல்ல செய்தி: மெடிக்கேரில் 35 என்பது மேல் எல்லைதான். 2026-லிருந்து 35 டாலர் அல்லது மருந்தின் பேசி முடித்த விலையில் கால் பங்கு, இதில் எது குறைவோ அதுதான். நோவோலாக் என்ற இன்சுலினுக்கு அரசு பேரம் பேசி 2026-க்கு முடித்த விலை மாதம் 119 டாலர். அதில் கால் பங்கு 29.75. பில்லில் 35-க்குக் கீழே ஏதாவது எண் வந்தால் பார்மசி தப்பாகப் போட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

7. வருஷ ஆரம்பத்துல டிடக்டிபிள் முடியற வரைக்கும் முழு விலை கட்டணுமா? என்கிட்ட ஹெச்.எஸ்.ஏ. பிளான்.

ஜனவரியில் கவுண்டரில் அதிகம் கேட்கும் கேள்வி. டிடக்டிபிள் என்பது இன்சூரன்ஸ் பணம் கொடுக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு வருடமும் நாமே கட்ட வேண்டிய தொகை. மெடிக்கேரில் இன்சுலினுக்கு டிடக்டிபிள் கிடையாது, முதல் நாளிலிருந்தே 35.

ஹெச்.எஸ்.ஏ. என்பது மருத்துவச் செலவுக்கு வரிச் சலுகையோடு சேமிக்கும் கணக்கு. அந்தத் திட்டத்தில் முன்பெல்லாம், டிடக்டிபிளுக்கு முன்னால் மருந்துக்குப் பணம் கொடுத்தால் ஹெச்.எஸ்.ஏ. தகுதியே போய்விடும் என்று சொல்வார்கள். 2019-ல் வருமான வரித்துறை ஒரு அறிவிப்பில் சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின், சுகர் மாத்திரைகள், குளுக்கோமீட்டர், ஏ1சி பரிசோதனை ஆகியவற்றுக்கு டிடக்டிபிளுக்கு முன்பே பணம் தரலாம் என்றது. 2022 சட்டம் இன்சுலினுக்கு அதை உறுதியாக்கியது. 'தரலாம்' என்பதைக் கவனியுங்கள். தந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு சொல்லவில்லை. 'ஹெச்.எஸ்.ஏ. இருப்பதால் சட்டப்படி முடியாது' என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது பழைய கதை.

8. ஊசி, ஸ்ட்ரிப், கையில ஒட்டற சென்சார் எல்லாம் இதுல அடங்குமா?

பெரும்பாலும் அடங்காது. மெடிக்கேரின் 35 இன்சுலினுக்கு மட்டும். சில மாநிலங்கள் உபகரணங்களுக்குத் தனி வரம்பு வைத்திருக்கின்றன: கனெக்டிகட் மாதம் 100 டாலர், மினசோட்டா 50.

9. நான் இன்சுலின் போடலை, மாத்திரைதான். அண்ணி வாராவாரம் ஓசெம்பிக் போடறாங்க. எங்களுக்கு?

ஓசெம்பிக்கும் ஊசிதான், ஆனால் இன்சுலின் இல்லை. அதனால் 35 கிடையாது. இன்சுலினும் அந்த வகை மருந்தும் ஒரே பேனாவில் கலந்து வரும் சொலிகுவா, சல்டோஃபை இரண்டுக்கும் மெடிக்கேரின் 35 உண்டு.

மாத்திரைக்காரர்களைச் சட்டங்கள் மறந்துவிட்டன என்பது என் நெடுநாள் குறை. மெட்ஃபார்மின் எப்படியும் சில டாலர்தான். ஜார்டியன்ஸ், ஃபார்சிகா, ஜனுவியா என்று டாக்டர் எழுதும்போதுதான் தலை சுற்றும். கனெக்டிகட் சட்டம் இன்சுலின் அல்லாத சர்க்கரை மருந்துக்கும் 25 டாலர் என்கிறது. மினசோட்டாவிலும் 2025-லிருந்து சர்க்கரை மருந்து எதுவானாலும் சீட்டுக்கு 25. மற்ற இடங்களில் பெரும்பாலும் இன்சுலினோடு நின்றுவிட்டது.

மெடிக்கேரில் இரண்டு விதமான நிவாரணம் உண்டு. இந்த மூன்று மருந்துக்கும் பேரம் பேசிய விலை 2026-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஜனுவியா மாதம் 527-லிருந்து 113 டாலர். இன்னொன்று, பார்ட் டி-யில் அடங்கிய எல்லா மருந்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,100 டாலர் கையிலிருந்து போய்விட்டால் அந்த ஆண்டுக்கு அதற்கு மேல் கட்ட வேண்டாம்.

10. அப்பா அம்மா கிரீன் கார்டுல வந்துட்டாங்க, 65 தாண்டியாச்சு. மெடிக்கேர் கிடைச்சிடும்ல?

உடனே கிடைக்காது. இங்கே வேலை பார்த்து வரி கட்டிய கணக்கு இல்லாதவர்கள், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த பிறகுதான் பிரீமியம் கட்டி மெடிக்கேரில் சேர முடியும். அதுவரை அவர்களுக்கு மார்க்கெட்பிளேஸ் (தனியாகக் காப்பீடு வாங்குபவர்களுக்கான அரசுச் சந்தை) திட்டம் ஒரு வழி. டெக்சாஸில் அது மாநிலக் கட்டுப்பாட்டில் வருவது, ஆகவே 5-வது பதிலில் சொன்ன 25 டாலர் பொருந்தும். மெடிக்கேர் இல்லையே என்று வருத்தப்படுபவர்களிடம் இதைச் சொன்னால், இன்சுலின் விஷயத்தில் பையனைவிட அப்பாவுக்கே குறைவாக ஆகிறதே என்று சிரிப்பார்கள்.

11. மாமியார் ஆறு மாசம் விசிட்டர் விசாவுல வந்திருக்காங்க. இன்சுலின் தீர்ந்துடுச்சு. விசிட்டர் இன்சூரன்ஸ்ல 35-க்குக் கிடைக்குமா?

கிடைக்காது. விசிட்டர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கான வழக்கமான மருந்துகளைத் தராது, மாநிலச் சட்டமும் அதைத் தொடாது. இங்கே ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கி, 12-வது பதிலில் உள்ள மருந்துக் கம்பெனித் திட்டத்தைப் பாருங்கள். பழைய வகை ரெகுலர், என்.பி.ஹெச். இன்சுலின் வால்மார்ட்டில் குப்பி சுமார் 25 டாலருக்குச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். ஆனால் அவர் ஊரில் லான்டஸ் போன்ற புதிய வகை போட்டுக்கொண்டிருந்தால், டாக்டரைக் கேட்காமல் அதற்குப் பதிலாக இதைப் போடக் கூடாது.

பணத்தைவிட முக்கியமான ஒன்று. ஊரில் விற்கும் பல குப்பி இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைப்பது 100 யூனிட், சிரிஞ்சும் அதற்கேற்றதுதான். ஊர்க் குப்பியை இங்கே வாங்கிய சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாறாக இங்கே வாங்கிய இன்சுலினை ஊர்ச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், உயிருக்கே ஆபத்து. குப்பியும் சிரிஞ்சும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கட்டும்.

12. மருந்து கம்பெனியே 35 டாலர் கார்டு தருதாமே? அப்புறம் எதுக்கு இந்தச் சட்டமெல்லாம்?

உண்மைதான், தருகிறார்கள். லில்லி 2023-லிருந்து தனியார் இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குப் பல பார்மசிகளில் தானாகவே 35-ல் நிறுத்துகிறது, இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கும் அதே தொகையில் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. சனோஃபி 2026 ஜனவரியிலிருந்து, சீட்டு வைத்திருக்கும் யாருக்கும், இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் 35 என்கிறது. செல்ஃப்-ஃபண்டட் திட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வழிதான்.

இரண்டு சிக்கல். மெடிக்கேர், மெடிக்கெய்டு வைத்திருப்பவர்கள் தங்கள் காப்பீட்டோடு சேர்த்துக் கம்பெனிக் கூப்பனைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. இன்னொன்று, சில கம்பெனி இன்சூரன்ஸ் திட்டங்கள் கூப்பன் கட்டிய தொகையை உங்கள் டிடக்டிபிள் கணக்கில் சேர்ப்பதில்லை. வருடக் கடைசியில் ஆஸ்பத்திரி பில் வரும்போதுதான் தெரியும். மேலும் கம்பெனி கொடுப்பதைக் கம்பெனி நிறுத்தவும் முடியும். நோவோ 2024 கடைசியோடு லெவெமிர் என்ற இன்சுலினையே அமெரிக்காவில் நிறுத்திவிட்டது.

13. வேலை போயிடுச்சுன்னா என்ன ஆகும்?

உச்சவரம்பு கார்டோடு ஒட்டியது, கார்டு போனால் அதுவும் போய்விடும். கோப்ரா (வேலை போன பிறகும் பழைய கம்பெனி இன்சூரன்ஸைத் தொடரும் உரிமை) எடுத்தால் வழக்கமாக 18 மாதம் வரை அதே திட்டம் அதே விதியோடு தொடரும், ஆனால் முதலாளி பங்கையும் சேர்த்து நீங்களே பிரீமியம் கட்ட வேண்டும். மார்க்கெட்பிளேஸில் சேர 60 நாள் அவகாசம் உண்டு.

இந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதற்கு மினசோட்டாவின் அலெக் ஸ்மித் உதாரணம். 26 வயதானதும் அம்மாவின் இன்சூரன்ஸிலிருந்து விலக வேண்டி வந்தது. மருந்தும் உபகரணமும் மாதம் 1,300 டாலர் என்றார்கள். இருந்த இன்சுலினைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டு, 2017 ஜூனில், ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். அவர் பெயரிலேயே மினசோட்டா 2020-ல் சட்டம் கொண்டுவந்தது: அவசரத் தேவை என்றால் 35 டாலருக்கு ஒரு மாத இன்சுலின். கல்லூரி முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 26-வது பிறந்தநாளுக்கு முன்பே மாற்றுத் திட்டத்தைத் தயார் செய்யுங்கள். யூனிட்டைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

14. எல்லாம் சரி, கவுண்டர்ல 35-க்கு மேல கேக்கறாங்க. நான் என்ன பண்றது?

பணம் கட்டாமல் நில்லுங்கள், பின்னால் வரிசை இருந்தாலும். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: டாக்டர் எழுதிய பிராண்ட் உங்கள் திட்டத்தின் பட்டியலில் இல்லை, 90 நாளுக்குப் போட்டிருக்கிறார்கள், பழைய கார்டு விவரத்தில் பில் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத பிராண்டுக்கு உச்சவரம்பு பொருந்தாது. பட்டியலில் உள்ள சமமான இன்சுலினுக்கு மாற்றித் தர முடியுமா என்று டாக்டருக்கு நாங்களே ஃபோன் செய்வோம், கேளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் போட்டால் எவ்வளவு என்றும் கேளுங்கள். லில்லியின் பிராண்ட் பெயரில்லா லிஸ்ப்ரோ (ஹியூமலாக்கில் இருக்கும் அதே இன்சுலின்) குப்பி 2023 மே மாதத்திலிருந்து 25 டாலர், சிலர் இன்சூரன்ஸ் வழியாக வாங்கும்போது தங்கள் பங்காகக் கட்டும் கோ-பேயைவிடக் குறைவு. அப்படிக் கட்டும் பணம் டிடக்டிபிளில் சேராது.

திட்டமே தவறு செய்கிறது என்றால், டெக்சாஸில் மாநிலத் திட்டத்துக்குக் காப்பீட்டுத் துறையிலும், செல்ஃப்-ஃபண்டடுக்கு மத்தியத் தொழிலாளர் துறையிலும் புகார் கொடுக்கலாம். மெடிக்கேர் பெரியவர்களுக்கு ஹைகேப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது.

15. எனக்குக் குறைச்சுட்டு, அதே காசைப் பிரீமியத்துல ஏத்தி எல்லார்கிட்டயும் வாங்கிடுவாங்களே?

கொஞ்சம் வாங்குவார்கள். எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் தன் லாபத்திலிருந்து எடுத்துத் தருவதில்லை. ஆனால் இதற்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 275 டாலர் பட்டியல் விலையில் பெரும்பங்கை மருந்துக் கம்பெனி பின்வாசல் வழியாகத் தள்ளுபடியாகத் திருப்பிக் கொடுத்தது. அது போனது பி.பி.எம். எனும் மருந்துப் பட்டியல் தரகர்களுக்கும் இன்சூரன்ஸுக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி எல்லோருடைய பிரீமியத்தையும் குறைக்கப் பயன்பட்டது. டிடக்டிபிள் முடியாத சர்க்கரை நோயாளி மட்டும் முழுப் பட்டியல் விலையைக் கட்டினார். அதாவது நோயாளி காசில் ஆரோக்கியமானவருக்குச் சலுகை. இன்சூரன்ஸ் என்றால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

பெரிய பி.பி.எம். மூன்றின் மீது இந்தத் தள்ளுபடி விவகாரத்தில்தான் மத்திய வர்த்தக ஆணையம் 2024 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தது. ஆகவே பிரீமியம் சில காசு ஏறுவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் வேறு இடத்தில். இன்சூரன்ஸே இல்லாதவருக்கு இந்த உச்சவரம்புச் சட்டங்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யவில்லை. அவர் கவுண்டருக்கு வந்தால் நான் எடுத்துக் காட்டுவது இன்னும் 12-வது பதிலில் உள்ள மருந்துக் கம்பெனிக் கார்டைத்தான்.